மருந்துப் புட்டியில் இருந்த பெயர்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் வெட்கம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நான் எழுதுவது குடும்பக் காதல் கதைகள். அவற்றில் மன்னிப்புக் கேட்க யாரும் தாமதிப்பதில்லை. இதை மட்டும் நான்கு முறை தொடங்கிவிட்டேன். ஒன்று இப்படி:

‘மேற்கு டெக்சாஸின் பருத்திக் காடுகளுக்கு நடுவே, நெல்டா கிரான் தன் சின்ன மருத்துவமனையின் கதவைத் திறந்தபோது காற்று—’

அடித்துவிட்டேன். காற்று இங்கே என்றைக்குத்தான் அடிக்கவில்லை?

இன்னொன்று: ‘கோரா ஒரு தவறு செய்தாள்.’ இது பரவாயில்லை. கோரா நான்தான். ஆனால் ‘அவள்’ என்று எழுதினால்தான் பேனா நகர்கிறது.

2

கோராவின் கணவர் வெர்ல் பருத்தி அரைவை ஆலையில் வேலை பார்ப்பவர். நெல்டாவின் மருத்துவமனைக்குச் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளப் போனவரின் பூட்ஸைத்தான் அவள் முதலில் பார்த்தாள். கயிறு கட்டாமல் தொங்கியது. ஏன் என்று கேட்டாள்.

“வயசான மாடு. குளம்பு வீங்கத்தானே செய்யும்” என்றார் வெர்ல்.

“மாடா இருந்தா கால்நடை டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். நீங்க மனுஷன்தானே, மேல ஏறிப் படுங்க.”

இதயம் தளர்ந்து போயிருந்தது. நகரத்துக்கு அனுப்பிப் படம் எடுக்கச் செய்தாள். பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க, உடம்பில் நீர் சேர்கிறதா என்று அறிய, தினமும் காலையில் தொலைபேசியில் வெர்லின் எடையைக் கேட்டாள். மாத்திரையைக் கூட்டினாள், குறைத்தாள். உப்புப் போட்ட ஊறுகாய் வெள்ளரியை அவர் ஒளித்து வைத்துத் தின்பதைக் குரலிலேயே கண்டுபிடித்துத் திட்டினாள்.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நெல்டா மேற்படிப்பு முடித்த செவிலியர். நோயைக் கண்டறிவாள், மருந்து எழுதுவாள். ஆனால் எங்கள் மாநிலச் சட்டப்படி அதற்கு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டு அதிகாரம் தரவேண்டும். நெல்டாவுக்குத் தந்தவர் டாக்டர் ஹாலிஸ். நூறு மைல் தள்ளி இருந்தார். மாதம் ஒரு முறை அவளோடு தொலைபேசியில் பேசுவார். வெர்லை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் மருந்துப் புட்டியில் அச்சானது அவர் பெயர்தான்.)

3

வெர்ல் தேறியதும் கோரா ஊர் வாரப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுதினாள். ‘என் கணவரின் உயிரைக் காப்பாற்றியவர் டாக்டர் ஹாலிஸ். வெர்ல் இப்போது படியேறி இறங்குகிறார்.’ புட்டியைப் பார்த்து எழுதியதால் வந்த பிழை அது.

(இல்லை. அது பிழையே அல்ல. காப்பாற்றியது யார் என்று கோராவுக்குத் தெரியும். முதலில் நெல்டா என்றுதான் எழுதினாள். வாசித்துப் பார்த்தபோது வாக்கியம் சிறுத்துத் தெரிந்தது. செவிலியர் என்று போட்டால், வெர்லுக்கு வந்தது பெரிய நோயே இல்லை என்று ஊர் நினைத்துவிடுமோ என்று—)

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

4

வசந்தத்தில், மாநிலத் தலைநகரான ஆஸ்டினில், சட்டமன்றக் குழு முன்னால் ஒரு மசோதா விசாரணைக்கு வந்தது. நெல்டா போன்றவர்கள் டாக்டரின் கையெழுத்து இல்லாமலே தனித்து இயங்கலாம், மருந்து எழுதலாம் என்று சொன்ன மசோதா. ஆதரித்துப் பேச நெல்டா ஏழு மணி நேரம் காரோட்டிப் போனாள். அவளுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். அவளுக்கு முன்னால் பேசிய எதிர்த்தரப்பு மனிதர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். சிற்றூர்க்காரர்கள் யாரை நம்புகிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்றார்.

அது கோராவின் பத்தி.

மசோதா குழுவைத் தாண்டவில்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு இரண்டு வருடம் ஆகும். டாக்டர் ஹாலிஸ் இந்த ஆகஸ்டோடு ஓய்வு பெறுகிறார். வேறு பதினொரு டாக்டர்களை நெல்டா கேட்டுப் பார்த்துவிட்டாள். யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. ஆகஸ்டுக்குள் ஒருவர் கிடைக்காவிட்டால் மருத்துவமனையை மூடவேண்டும்.

5

என் வழக்கமான முடிவு தயாராகவே இருந்தது. மனைவியை இழந்த ஒரு நல்ல டாக்டர் ஊருக்கு வருகிறார். நெல்டாவின் சமையலறையில் காபி குடிக்கிறார், காதலிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். வெர்ல் படித்துவிட்டு, “அப்ப இதுலயும் அவளைக் காப்பாத்துறது ஒரு டாக்டர்தானா?” என்று கேட்டுவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டார்.

கிழித்தேன்.

இன்னொரு முடிவு: கோரா மன்னிப்புக் கேட்கிறாள், நெல்டா கட்டிக்கொள்கிறாள். இதில் பாதி நடந்தது. நான் போனேன், கேட்டேன். அவள் தடுப்பூசிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நீங்க எழுதினதை அந்த ஆள் வாசிச்சப்ப நான் அங்கதான் இருந்தேன், கோரா” என்றாள். “வெர்ல் இப்ப படியேறி இறங்குறார்னு வந்துச்சு பாருங்க, அந்த இடத்துல நானும் தலையாட்டிட்டேன். உண்மைதானே. அடுத்தது என் முறை. அதுக்கப்புறம் நான் என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.”

கட்டிக்கொள்ளவில்லை. கோபப்படவும் இல்லை. வெர்லின் எடை என்ன என்று கேட்டாள்.

6

திருத்தம் ஒன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆஸ்டினில் அதை யாரும் வாசிக்கப் போவதில்லை.

நேற்று வெர்லைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். முடிந்ததும் நெல்டா அடுத்த வருகைக்கான அட்டையை எடுத்தாள். பழக்கத்தில் ‘செப்டம்பர் 9, காலை 10’ என்று எழுதினாள். அதன் கீழே ‘பார்க்க வேண்டியவர்’ என்று ஒரு கோடு இருக்கிறது. பேனா அங்கே வந்து நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் செப்டம்பர் என்றால் என்ன என்று தெரியும்.

அவள் அட்டையை அப்படியே வெர்லிடம் நீட்டினாள். “தேதியை மட்டும் விட்டுடாதீங்க” என்றாள்.

அட்டை இப்போது எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. கோடு காலி. அதை நிரப்ப எனக்கு உரிமை இல்லை. வாசகரே, அங்கே யார் பெயர் வரவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதை எழுத யார் அனுமதிக்க வேண்டும் என்பதும்தான்.