இருபத்துமூன்று பேருக்கு ஒரு போன்

தெருவில் எல்லாரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். பிறவியிலேயே பார்வை கிடையாது. எந்நேரமும் காதில் ஒரு இயர்போன் இருக்கும். அதற்குள் அவளுடைய போன், திரையில் உள்ளதையெல்லாம் படபடவென்று வாசித்துக்கொண்டே போகும். வேறு யாராவது வாங்கிக் கேட்டால் தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கும். அவளுக்கு ஒரு சொல் தப்பாது.

போன் அண்ணி வைத்திருந்த பழையது. பின்மூடியை நகத்தால் நெம்பினால் கழன்று வரும்; பேட்டரியைக் கையால் எடுத்து மாற்றலாம். அதற்காகவே புதுப் போன் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தாள். உள்ளே ஒன்று, கூடுதலாக இரண்டு என்று மூன்று பேட்டரி வைத்திருந்தாள். பேட்டரியைத் தனியாகச் செருகிச் சார்ஜ் ஏற்றுகிற ஒரு சின்ன கிளிப் சார்ஜரும் உண்டு. தையல் வேலை செய்யும் அண்ணி, துண்டுத் துணியில் இரண்டு குட்டிப் பைகள் தைத்துக் கொடுத்திருந்தாள், சாவியோ சில்லறையோ பேட்டரியின் முனையில் உரசிவிடாமல் இருக்க.

ரேடியோ அவற்றைப் பார்த்துக்கொண்ட விதம் வீட்டில் பெரிய கேலி. முழுக்கத் தீர்ந்துபோக விடமாட்டாள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட விடமாட்டாள். பயன்படுத்தாத பேட்டரியைப் பாதிச் சார்ஜில் நிழலான இடத்தில் வைப்பாள். வெளியே போகிற நாளுக்கு முந்தின நாள்தான் முழுக்க ஏற்றுவாள். மாதம் ஒருமுறை மூன்றையும் மேஜைமேல் படுக்கவைத்து விரலால் சுற்றிவிடுவாள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு வீங்கிவிட்டது என்று அர்த்தம், தூரப் போட வேண்டியதுதான். சுற்றாமல் தட்டென்று நின்றால் நல்லது. "பேட்டரிக்குச் செய்யுற பணிவிடையில பாதி எனக்குச் செஞ்சா நான் குண்டாயிருப்பேன்" என்பான் அண்ணன்.

அண்ணன் வெல்டர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ஒட்டுகிறவன், தங்கை விஷயத்தில் மட்டும் மெழுகு. அம்மா போனபோது ரேடியோவுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவள் தெருமுனை தாண்டினால் இவனுக்கு மூச்சு முட்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்தபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணிதான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். கடைசியில், தானும் கூட வருவேன் என்பதை விட்டுக்கொடுத்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான்: பஸ் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் அரைமணிக்கு ஒருமுறை கூப்பிடுவான், அவள் எடுக்க வேண்டும்.

காலை ஏழு மணி பஸ்ஸில் முன்பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு காய்கறிக்காரம்மா. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில்தான் வீடு, அங்கே சந்தையில் கடை; முந்தின நாள் காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். காலடியில் காலிக் கூடைகள், வாயில் ஓயாத பேச்சு. ஒன்பதரை மணிக்குள் ரேடியோவுக்கு அந்தம்மாவின் இரண்டு மருமகள்களுடைய குணமும் அத்துபடி ஆகிவிட்டது. அண்ணன் ஐந்து முறை கூப்பிட்டிருந்தான்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. மலையில் பாதி ஏறியிருப்பார்கள். பஸ் குலுங்கி நின்றது. எதிரே, ஒரு வளைவு தாண்டி, ரோட்டைக் காணோம்; மண்ணும் பாறையும் மரமுமாகச் சரிந்து கிடந்தது. டிரைவர் ரிவர்ஸ் எடுத்துக் கொஞ்ச தூரம் போனார். இறங்கிப் பார்த்த கண்டக்டர் திரும்பி வந்து, பின்னாலும் அதே கதை என்றார். நடுவில் அரைக் கிலோமீட்டர் ரோட்டில் அவர்கள் இருபத்துமூன்று பேர்.

முதல் ஒரு மணி நேரம் ஆளாளுக்குப் போனும் கையுமாக இருந்தார்கள். சரிவை வீடியோ எடுத்தார்கள், லைன் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். பெரும்பாலான போன்களில் சிக்னலே இல்லை. அந்தக் கம்பெனிகளின் டவர் மழையில் விழுந்திருக்க வேண்டும். ரேடியோவுடைய கம்பெனிக்கு மட்டும் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. அந்தக் கம்பெனி சிம் மூன்று பேரிடம்தான் இருந்தது. ஒரு கல்லூரி மாணவி வழியெல்லாம் படம் பார்த்துக்கொண்டு வந்ததால் அவள் போன் எப்போதோ தூங்கிவிட்டது. கண்டக்டருடையது சிக்னலைத் தேடித் தேடியே சூடாகி, மீட்புக் குழு அலுவலகத்துக்கு இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அணைந்தது. உதவி எப்போது வரும் என்ற கேள்விக்குப் பதில் வரவேயில்லை.

அப்போதுதான் ரேடியோ தன் போனில் எழுபது சதவீதம் இருக்கிறது என்றும், பையில் முழுச் சார்ஜோடு இன்னும் இரண்டு பேட்டரி இருக்கிறது என்றும் சொன்னாள்.

பஸ்ஸில் டை கட்டிய இன்சூரன்ஸ்காரர் ஒருவர் இருந்தார். பார்வை இல்லாத பிள்ளை தடுமாறிக் கீழே போட்டுவிடும், என்னிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்று கையை நீட்டினார். கண்டக்டரும் அதுதான் சரி என்கிற மாதிரி சும்மா நின்றார். ரேடியோ கொடுத்தாள். அவர் அமுக்கினார், தடவினார், தட்டினார். திரை கரிப்பலகையாகவே இருந்தது.

"இது செத்துப்போச்சும்மா" என்றார்.

"உயிரோடதாங்க இருக்கு. திரையை நான் எப்பவும் அணைச்சே வெச்சிருப்பேன். எனக்கு எதுக்குங்க வெளிச்சம்? உங்க போன்ல பாதிச் சார்ஜை அந்த வெளிச்சம்தான் சாப்பிடுது."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். இன்சூரன்ஸ்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரியாதையாகவே, இனி என்ன செய்யலாம் என்று கேட்டார்.

அவள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து ஜன்னலோரம் போய் நின்றாள். சிக்னல் அங்கேதான் கொஞ்சம் நிலையாக இருந்தது. மீட்பு அலுவலகத்தைப் பிடித்தாள். நிதானமான குரலில் ஒரு அதிகாரி பேசினார். மழை விடாமல் ஆட்கள் வர முடியாது, நாளைக் காலைகூட ஆகலாம், போனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் திறந்து வையுங்கள், நானே கூப்பிடுகிறேன் என்றார்.

வைத்த மறுகணம் அண்ணன் கூப்பிட்டான். இதற்குள் பதினோரு தடவை முயன்றிருந்தான். செய்தியில் சரிவைப் பற்றிச் சொல்லிவிட்டார்களாம். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பப் போவதாகச் சொன்னான்.

"அண்ணா, நான் சொல்றதைக் கேளு. எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த பஸ்ஸுலயே ஓடுற போன் இது ஒண்ணுதான். நீ கூப்பிடக் கூப்பிட இதோட உயிர் போகும். இனிமே கூப்பிடாத."

"கூப்பிடாம நான் எப்படி உக்காந்திருப்பேன் பாப்பா?"

பின்னால் காய்கறிக்காரம்மா யாரிடமோ, பாவம் என் பெரியவன் இந்நேரம் சந்தையில் என்னைத் தேடிக்கொண்டிருப்பான் என்று புலம்புவது கேட்டது. ரேடியோவுக்கு அப்போதுதான் அது தோன்றியது.

"உனக்கு ஒரு வேலை தரேன். இங்க இருக்கிற எல்லார் வீட்டு நம்பரும் மெசேஜ்ல அனுப்புறேன். ஒவ்வொரு வீட்டுக்கா நீ பேசு. நல்லா இருக்காங்க, போனை அணைச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்லு. சாயங்காலம் நானே கூப்பிடுவேன்."

"சரி, அனுப்பு" என்றான்.

உடனே போனை ஃபிளைட் மோடில் போட்டாள். அதில் எழுதலாம், சிக்னல் தேடிச் சார்ஜ் வீணாகாது. ஒவ்வொருவராக வந்து காதருகே குனிந்து நம்பர் சொன்னார்கள். தட்டத் தட்டப் போன் வாசிக்க, அவள் சரிபார்த்துக்கொண்டாள். சிலருக்குச் சொந்த மனைவியின் நம்பரே தெரியவில்லை. எல்லாம் செத்துப்போன போனுக்குள் இருந்தது. அவர்களுக்கு வேலை செய்கிற இடம், தெருப் பெயர், பக்கத்துக் கடை என்று குறித்துக்கொண்டாள். காய்கறிக்காரம்மாவுக்கு மட்டும் மூன்று நம்பர் மனப்பாடம். மூன்றுக்கும் பேசச் சொன்னாள், ஒரு மருமகளுக்குச் சொல்லி இன்னொருத்திக்குச் சொல்லாவிட்டால் வீடு ரெண்டுபடுமாம். எல்லாம் எழுதி முடித்து, அரை நிமிஷம் மட்டும் நெட்வொர்க்கைத் திறந்தாள். ஏழு மெசேஜும் போய்ச் சேர்ந்தன.

பிஸ்கட்டும் வாழைப்பழமும் கைமாறின. மழை கூரையில் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மணிக்கு அதிகாரி கூப்பிட்டபோது குரலில் நிதானம் குறைந்திருந்தது. அவர்களுக்கு நேர் மேலே சரிவில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது, மேல்ரோட்டிலிருந்து ஒரு ஆள் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்றார். கல் உருண்டுகொண்டிருப்பதால் ரோட்டில் நடப்பதைவிட இப்போதைக்கு பஸ்ஸே நல்லது. வெடிப்பு அகன்றால் உடனே சொல்வேன், சொன்னதும் எல்லாரும் இறங்கிக் கீழ்ப்பக்கம் முந்நூறு அடி தூரத்தில் உள்ள கான்கிரீட் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். இனிமேல் போனை அணைக்கவே கூடாது.

ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்தச் சிக்னலில் திறந்தே வைத்தால் ஒரு பேட்டரி நாலு மணி நேரம் வந்தால் பெரிசு. ப்ளூடூத், இன்டர்நெட், அதிர்வு எல்லாவற்றையும் நிறுத்தினாள். வாசிக்கிற குரலையும் குறைத்தாள். மடியில் சூடு ஏறும் என்று போனை ஜன்னல் விளிம்பில் கைக்குட்டைமேல் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அது அடிக்கவேயில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. எத்தனை வருஷத்தில் அவனுடைய குரல் இல்லாமல் ஒரு மதியம் கழிந்திருக்கிறது என்று அவளுக்கு நினைவில்லை. பயமாகத்தான் இருந்தது. தன்னைவிட அவனை நினைத்து.

மூன்று மணிக்குப் பதினைந்து சதவீதம் என்றது. அதிகாரியைக் கூப்பிட்டு, பேட்டரி மாற்றப் போகிறேன், மூன்று நிமிஷம் போன் இருக்காது என்றாள். அவர் மேலே நிற்கிற ஆளைக் கேட்டுவிட்டு, இப்போதே மாற்றுங்கள் என்றார். மூடியை நெம்பி, பழையதை எடுத்து, புதியதன் முனையைத் துணியால் ஒரு துடை துடைத்துச் செருகி, பொத்தானை அமுக்கினாள். போன் விழித்துக்கொள்ள எடுத்த நேரம்தான் அன்றைக்கு எல்லாருக்கும் நீளமான நேரம். காதில் அந்தப் படபடக் குரல் கேட்டதும், "வந்துருச்சு" என்றாள். டிரைவர் இருமினார். மாணவி அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நாலே காலுக்குப் போன் அடித்தது. "இறங்குங்க, உடனே" என்றார் அதிகாரி.

கண்டக்டர் கதவைத் திறந்தார். முண்டியடிக்காமல், ஆனால் வேகமாக இறங்கினார்கள். ரேடியோ போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு, காய்கறிக்காரம்மாவின் தோளைப் பிடித்தபடி நடந்தாள். அந்தம்மா கூடைகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். வாயை மட்டும் விடவில்லை, இங்கே பள்ளம், இங்கே கல் என்று அடிக்கு அடி சொல்லிக்கொண்டே வந்தாள். கொட்டகைக்குள் கண்டக்டர் தலைகளை எண்ணினார். இருபத்துமூன்று. ரெண்டாவது தடவையும் எண்ணினார். அவர் முடித்துக் கொஞ்ச நேரத்தில் மேலே மலை உறுமியது. மண் இறங்கி பஸ்ஸைத் தள்ளிக்கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் சாய்த்தது. பின்பக்கச் சீட்டுகள் மண்ணுக்குள் போயின.

இன்சூரன்ஸ்காரர் அழுதார்.

ஐந்தரைக்கு மழை ஓய்ந்தது. வெளிச்சம் இருக்கும்போதே மீட்புக் குழு கயிறும் பலகையுமாகச் சரிவைக் கடந்து வந்தது. அந்தப் பக்கத்து வேனில் ஏறி உட்கார்ந்ததும் ரேடியோ அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் வந்துட்டோம் அண்ணா."

அவன் கையிலிருந்து அண்ணி போனை வாங்கிப் பேசினாள். பட்டறையை மூடிவிட்டு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் பேசிக்கொண்டே இருந்தானாம். நம்பர் இல்லாதவர்களுக்குப் பக்கத்துக் கடையைத் தேடிப் பிடித்தானாம். மாணவியின் அப்பா மலைக்குக் கிளம்பப் பார்த்தாராம். அண்ணன்தான், நீங்க போய் என்ன செய்யப் போறீங்க, போனைச் சும்மா விட்டாலே பெரிய உதவி என்று அதட்டி உட்காரவைத்தானாம்.

"யாரு அதட்டினது? நம்ம அண்ணனா?"

"உன் அண்ணனேதான்."

அப்புறம் அவன் போனை வாங்கினான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சேதி இருக்கிறது, எழுதிவைத்திருக்கிறேன் என்றான். பேட்டரியில் இன்னும் முப்பது சதவீதம் இருந்தது. மூன்றாவதைத் தொடவே இல்லை. ரேடியோ ஸ்பீக்கரைப் போட்டாள். வேன் மலையிறங்க, வெல்டர் ஒவ்வொன்றாக வாசித்தான். டிரைவரின் மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். கண்டக்டரின் மனைவி, இன்றைக்கு மட்டும் திட்டமாட்டாளாம். இன்சூரன்ஸ்காரரின் அம்மா எட்டு முறை, சாப்பிட்டானா என்று கேட்டாராம். காய்கறிக்காரம்மாவுக்கு இரண்டு மருமகள்களும் தனித்தனியாக ஒரே சேதிதான் சொன்னார்கள்: வாசல் கதவைப் பூட்டாமல் போயிட்டீங்க, நான்தான் பூட்டினேன்.

"ரெண்டு பேரும் நான்தான்னு சொன்னாளுங்களா?" என்றாள் அந்தம்மா. வேனே சிரித்தது.

இரண்டு நாள் கழித்து ரேடியோ வேலைக்குச் சேர்ந்தாள். விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்தான், ஆனால் வழி பழகவில்லை. காலை எட்டு மணிக்கு வாசலில் புதுக் கூடைகளோடு காய்கறிக்காரம்மா நின்றாள். சந்தை அந்தத் திசையில்தான் இருக்கிறது, எப்படியும் போகிற வழிதானே என்றாள். பொய், சந்தை எதிர்த்திசையில் என்று விடுதிக் காவலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார். ரேடியோ அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பேக்கரி வாசனை வருகிற இடத்தில் வலப்பக்கம், தண்ணீர்த் தொட்டி சொட்டுகிற இடத்தில் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டே நடந்தாள். அந்தம்மா சின்ன மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள்.