பாக்கெட்டில் கிடந்த கை

ஊரார் பேன்ட்டையெல்லாம் வாங்கி, பிரித்து, தைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். அப்படிப்பட்டவள் தன் வீட்டுக்காரரின் பேன்ட்டைத் திருப்பிப் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. அன்று துவைக்கப் போடும் முன் பாக்கெட்டுகளை வெளியே இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது பாக்கெட் நைந்து கிழிந்திருந்தது. இடது பாக்கெட்டோ மடிப்புகூடக் கலையாமல் மொடமொடவென்று இருந்தது. அவர் இளைத்துப்போனாரே என்று அவளே புதிதாகத் தைத்துக் கொடுத்த பேன்ட் அது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

அவருக்குத் துணை மின்நிலையத்தில் வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்று சுவிட்சைத் திருப்பும் ஆபரேட்டர். மூன்று மாதத்துக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்பூன் நழுவி, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. நல்லவேளை, சீக்கிரமே கொண்டுபோனார்கள், அடைப்பையும் எடுத்துவிட்டார்கள். பேச்சு வந்தது, நடை வந்தது, கிண்டலும் சேர்ந்தே வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. மாதக் கடைசிக்குள் அந்தக் கையால் சுவிட்சைத் திருப்பிக் காட்டினால் பழைய நாற்காலி. இல்லையென்றால் பழைய கோப்புகள் அடுக்கும் அறை. அந்த அறையில் போட்டால் மனிதர் ஆறு மாதத்தில் சுருங்கிப்போவார் என்று அவளுக்குத் தெரியும்.

"ரத்தம்தான் திரும்பி வந்துடுச்சே டாக்டர், கை ஏன் வரல?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டியா பவர் ஹவுஸ் இருக்கு. ரத்தம் நின்னதும் அதெல்லாம் பட்டினியில சோர்ந்துபோச்சு. அப்புறம் ஆக்ஸிஜன் திடீர்னு வந்ததும் அதுங்களால தாங்க முடியல. அந்த ஆக்ஸிஜனே துரு மாதிரி அரிச்சிடுச்சு. கொஞ்சம் செல் செத்துப்போச்சு."

"செத்த லைன்ல எல்லா லோடையும் ஒரே நேரத்துல போட்டா ட்ரிப் ஆகத்தானே செய்யும்!" என்று இவர் சிரித்தார். தன் மூளை கெட்டுப்போன கதையைக் கேட்டுச் சிரித்த மனிதரை டாக்டரம்மா அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அவள் தம்பி, அந்தத் துருவை எடுக்கும் என்று ஒரு டப்பா மாத்திரை வாங்கி வந்திருந்தான். டாக்டரம்மா அதைத் தள்ளி வைத்துவிட்டார். "இது செத்த செல்லை எழுப்பும்னு யாரும் நிரூபிக்கல. பக்கத்துல உயிரோட இருக்கிறது அந்த வேலையைக் கத்துக்கும். ஆனா கையை வேலை வாங்கினாத்தான் கத்துக்கும்."

இவரும் தலையை நன்றாகத்தான் ஆட்டிவிட்டு வந்தார். பயிற்சியும் காலையில் அரை மணி நேரம் ஒழுங்காகச் செய்தார். அப்புறம் கை ஏன் தேறவில்லை? கிழிந்த பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கூடத்துக்குப் போனாள். அவர் இடது கையால் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"ஏங்க, உங்க வலது கை எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தார். அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. "பாக்கெட்ல."

இருபத்திரண்டு வருடப் பழக்கம். இரண்டு கையும் கம்பியில் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும் என்பதால், ஒரு கையால்தான் வேலை செய்ய வேண்டும், மற்றது பாக்கெட்டில் கிடக்க வேண்டும் என்று தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம். அப்போது வலது கை வேலை செய்தது, இடது கை உள்ளே கிடந்தது. இப்போது இடது கை வேலைக்கு வந்ததும் வலது கை தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. அரை மணி நேரப் பயிற்சி, மற்ற நேரமெல்லாம் தூக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர் சுடுகாட்டை ஏமாற்றிவிட்டு வந்தும் பழக்கம் விடவில்லை.

"முதல் நாள் பாடத்தை மட்டும் என்னமா ஞாபகம் வச்சிருக்கீங்க! போன வாரம் நான் வாங்கச் சொன்ன நூல்கண்டு மறந்துபோச்சு" என்றாள். அன்றே உட்கார்ந்து ஏழு பேன்ட்டிலும் வலது பாக்கெட்டை இரட்டைத் தையலில் மூடினாள்.

முதல் வாரம் கை வாசலைத் தேடித் தையலைச் சுரண்டியது. போக இடமில்லாமல் போனதும் வேறு வழியின்றி வேலைக்கு வந்தது. குழாயைத் திருகியது, பட்டனோடு மல்லுக்கட்டியது, இரண்டு கோப்பையை உடைத்தது. உடைந்ததைக் கூட்டி அள்ளும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது; உடைக்கவாவது எடுத்ததே!

மாதக் கடைசி நாள். பராமரிப்பு என்று காலையிலிருந்தே அவர்கள் தெருவில் கரண்ட் இல்லை. பதினொரு மணிக்கு அதிகாரி முன்னால் அந்த லைனை அவர்தான் போட வேண்டும். "என்னால முடியலேன்னா பக்கத்துல நிக்கிறவர் போட்டுடுவார். எப்படியும் கரண்ட் வந்துடும், பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனுஷன் கரண்டுக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

தையல் மிஷின் ஓடவில்லை. அவளுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினொன்று அடித்தது. பதினொன்று ஐந்து. தலைக்கு மேல் மின்விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. ஆனால் அதை வைத்து என்ன தெரியும்? போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

"கரண்ட் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. யாருங்க போட்டது?"

"வலது கை" என்றார். "கொஞ்சம் நடுங்குச்சு. பாதியில நின்னுச்சு. அதிகாரி அவசரப்படுத்தல. அப்புறம் அதுவே திருப்பிடுச்சும்மா."

மின்விசிறிக் காற்று மேலே பட, அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, தைக்க வேண்டிய துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆசை தீர அழுதாள்.