கதவில் ஆந்தை

அலுவலகத்தில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பின்னே, வானத்திலிருந்து எடுத்த பழைய படத்தில் கடுகளவு நிழலைப் பார்த்து, அது போர் விமானமா தண்ணீர் லாரியா, எந்தப் படையுடையது என்று சொல்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஊரார் விமானத்தையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தவனுக்கு, சொந்த அண்ணன் செத்த இடத்தைக் காட்ட வேண்டிய வேளையில் புத்தி பிசகியது.

அண்ணன் விமானப்படையில், ஆந்தைச் சின்னம் போட்ட ஆந்தைப் படைப்பிரிவில் மெக்கானிக். போரின் கடைசி வாரத்தில் விமானத்தளத்தின் மேல் குண்டு விழுந்தது. போர் விமானங்களைப் பதுக்கி வைக்கக் கட்டிய கான்கிரீட் கொட்டகைகளில் இரண்டு, கூரையோடு உள்ளே உட்கார்ந்துவிட்டன. ஒன்றின் இரும்புக் கதவில் ஆந்தை, மற்றதில் அதே தளத்திலிருந்த இன்னொரு பிரிவான தேள் படையின் தேள். உள்ளே கிடந்தவர்களை எடுக்க ஆளும் இல்லை, அக்கறையும் இல்லை. தோற்ற அரசாங்கம் வாசலில் மண்ணைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. அண்ணி மட்டும், ஒரு எலும்பாவது கைக்கு வராதா என்று காத்துக்கொண்டே தலை நரைத்துப் போனாள்.

இப்போது தளம் முழுவதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி வீடு கட்டப் போகிறார்கள். இடிப்பு வேலை பார்க்கும் இன்ஜினியர் கெட்டவர் இல்லை. "ஒண்ணை மட்டும் பக்குவமா தோண்டித் தர்றேன். ரெண்டுக்கும் மேலிடத்துல விடமாட்டாங்க. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார்.

கதவை நம்பாதே, விமானம் நிற்கிற நிலையைப் பார் என்பது பூதக்கண்ணாடியின் தொழிலில் அரிச்சுவடி. ஆந்தைப் படைக்காரர்கள் விமானத்தைப் பின்பக்கமாகத் தள்ளி உள்ளே விடுவார்கள்; மூக்கு வாசலைப் பார்த்திருக்கும். தேள் படைக்காரர்கள் மூக்கை உள்ளே விட்டு வாலை வெளியே நீட்டி வைப்பார்கள். "நாங்க முகத்தைக் காட்டுறவங்க, அவனுங்க முதுகைக் காட்டுறவனுங்கடா" என்று விடுப்பில் வரும்போதெல்லாம் அண்ணன் கிண்டலடிப்பான்.

குண்டு விழுவதற்கு முன்தினம் எதிரி வேவு விமானம் எடுத்த படம் பிற்பாடு வெளியாகியிருந்தது. அதில் ஆந்தைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது வால். பூதக்கண்ணாடி பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னால் நின்ற அண்ணி அதன் பக்கத்தில் கிடந்த, ஆந்தைக் கதவின் பழைய புகைப்படத்தில் விரலை வைத்தாள். "தம்பி, இது அவரு கை! ஒரு காது பெருசு, ஒரு காது சிறுசு, பாரு. நம்ம சமையக்கட்டுச் சுவத்துல வரைஞ்சாரே, அதே ஆந்தை!" என்று அழுதாள், உடனே சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று! அவசரத்தில் யாராவது அன்றைக்கு மாற்றி நிறுத்தியிருப்பார்கள் என்று அவன் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டான். வேறு வீட்டுக் காரியமென்றால் சும்மா விட்டிருக்கவே மாட்டான்.

"ஆமா அண்ணி, அண்ணன் கைதான்."

தேள் கொட்டகையை இடிக்கலாமா என்று இன்ஜினியர் கேட்டபோது தலையாட்டியவனும் அவன்தான்.

இன்று காலை அண்ணியை அழைத்துக்கொண்டு தளத்துக்கு வந்தான். பொக்லைன் மண்ணை அள்ளியது. பிறகு ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். முதலில் வெளிப்பட்டது விமானத்தின் வால். அதில் தெளிவாக, கொடுக்கைத் தூக்கிய தேள். அதற்குக் கீழே இரண்டு பேருடைய எலும்புகள். யார் வீட்டுப் பிள்ளைகளோ, இவர்களுக்காக அழ இங்கே ஒருவரும் இல்லை.

பூதக்கண்ணாடி கதவருகே ஓடினான். வெயிலில் ஆந்தையின் வயிற்றுச் சாயம் உரிந்திருந்தது. அடியில் பழைய சாயத்தில் தேளின் கொடுக்கு. எதிரி வேவு பார்ப்பான் என்று தெரிந்து, இரண்டு படைக்காரர்களும் கதவுச் சின்னங்களை மாற்றி வரைந்திருக்கிறார்கள். அடுத்தவன் கதவில் ஆந்தையை வரைந்தது அண்ணனேதான். எதிரி ஏமாந்தானோ இல்லையோ, பெண்டாட்டி ஏமாந்துவிட்டாள்.

"அந்த இன்னொரு கொட்டகை?" என்றான்.

"போன வாரமே இடிச்சாச்சே சார். நீங்கதானே சரின்னீங்க." இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "மெஷின்ல போட்டு ஜல்லியாக்கி, கேட்டுலேர்ந்து இங்க வரைக்கும் ரோட்டுக்குப் போட்டுட்டோம்."

கல்லையும் எலும்பையும் பிரித்துப் பார்க்க அந்த மெஷினுக்குக் கண்ணா இருக்கிறது? கண் இருந்தவனே பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "தம்பி, அது அவரு வரைஞ்சதுதானே? நான் தப்பாச் சொல்லலையே?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க அண்ணி. நான்தான் வாலைப் பார்த்தும் சொல்லலை. நீங்க சிரிச்சீங்களேன்னு விட்டுட்டேன்."

அவள் குழியில் கிடந்த அந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "இவங்க வீட்டுக்காவது சொல்லி அனுப்பு" என்றாள்.

இன்ஜினியர் ஜீப்பை வரவழைத்துக் கதவைத் திறந்துவிட்டார். அண்ணி ஏறவில்லை. வெள்ளை ஜல்லி பரப்பிய ரோடு கேட் வரைக்கும் நேராகப் போனது.

"வெளிய போக வேற வழி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சுத்தியும் கம்பி வேலி. இது ஒண்ணுதான்."