அடுத்த வார்டு ஜெபம்

வார்டுகளைத் திருத்தி வரைந்தபோது கோடு டேவிட்சன் வீட்டுக் கூரைமேல் போனது; அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வார்டுக்காரர் பேசுவது மற்ற வார்டுக்காரருக்குக் கேட்பதில்லை. முன்வாசல் தெருவோடு டேவிட்சனும் மனைவி ஜெமிமாவும் ஒரு வார்டுக்குப் போனார்கள். பின்கட்டுக் கதவு சந்தில் திறப்பதால் அங்கே இருந்த அவன் அம்மா தபிதாள் அடுத்த வார்டில் சேர்ந்தாள். வெளியாட்களுக்கு எல்லார் பேச்சும் கேட்டது. திருத்தணியில் அப்போது ஆடிக் கிருத்திகைக் கூட்டம். பஸ் கிடைக்காததைத்தான் ஊர் பெரிதாகப் பேசியது.

தபிதாள் மருமகளை நேராக ஒரு வார்த்தை திட்டியவளில்லை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில்தான் எல்லாம் வரும், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே பேச முடியாமல் இருக்கும்போது. ரசத்தில் உப்பில்லாததுகூடக் கர்த்தருக்குப் போகும். "கர்த்தாவே, இந்த மலடி கையால துன்னுகினு கீறேனே, எம் புள்ளைக்கு ஒரு வழி காட்டும்" என்பாள். டேவிட்சன் ஆமென் சொல்வான். கல்யாணமான நாள் முதல் ஜெமிமா கேட்டுவந்த ஆமென் அது. இப்போது மாமியாரின் வாய் மட்டும் அசைந்தது. ஜெமிமா கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்து பார்த்தாள். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

டேவிட்சனுக்கோ அம்மா குரல் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. அரக்கோணம் ரயில்வே வேலையில் லீவும் கிடைக்காது. ஆகவே வாக்காளர் முகாம் வந்தபோது, அம்மா பெயரைத் தங்கள் வார்டுக்கு மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பி, கைநாட்டு வைக்கச் செய்து, ஆதார் நகலோடு ஜெமிமாவிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினான். அவள் அதைக் கேஸ் அடுப்பில் காட்டி எரித்து, சாம்பலில் வெண்கல விளக்கைத் துலக்கினாள். தள்ளுபடி ஆகிவிட்டது என்று டேவிட்சனிடம் சொன்னாள். அடுத்த முகாமிலும் அதே பதில். தபிதாள் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீருக்கு வாயசைப்பாள். ஜெமிமா அவளைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வாள். ஒரு மழைக்காலத்தில் கிழவி வழுக்கி விழுந்தாள். சொம்பு உருண்ட சத்தம் கேட்டு ஜெமிமா எட்டிப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தில் போனவர்கள் கூச்சல் கேட்டு வந்து தூக்கினார்கள்.

பிறகு வீடு வீடாக வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தாள், கே.ஜி.கண்டிகை அங்கன்வாடி டீச்சர் சௌமியா. அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்று டேவிட்சனிடம் சொன்னாள். அவன் மனைவியைப் பார்த்தான். புது விண்ணப்பம் வாங்கி, பின்கட்டுக் கதவிலக்கத்தைப் போட்டு, தன் பெயரை எழுதினான்.

பட்டியல் வெளியான காலையில் ஜெமிமா காபியை நீட்டி, நைட் ஷிப்டா என்று கேட்டாள். அவன் வாய் அசைந்தது. அப்புறம் வாட்ஸ்அப்பில் 'குழம்பு' என்று அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான்.

தேர்தலுக்கு முன் பூத் சிலிப் கொடுக்க வந்தபோது சௌமியா பின்கட்டில் ஜெபம் நடப்பதைப் பார்த்து நின்றாள். ஜெமிமா அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னா சொல்லி ஜெபிக்கிறாங்க டீச்சர்? மலடின்றாங்களா?"

சௌமியா காது கொடுத்துக் கேட்டாள். "கால் வலிக்கு ஜெபிக்கிறாங்க. மழைக்கு. ரயில்ல போறவங்களுக்கு."

"எனக்கு?"

"உம் பேரு வரலக்கா."

ஓட்டு நாளன்று தாயும் மகனும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், ஜெமிமா வேறொன்றுக்கு. மை வைத்த விரலோடு திரும்பி வந்து ரசம் வைத்தாள், உப்புப் போடவில்லை. இருவரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். மறுநாளும் அவள் உப்புப் போடவில்லை. இன்றுவரை அந்த வீட்டு ரசம் அப்படித்தான்.