திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தலையில் ஈரமும் கழுத்தில் துண்டுமாக, எழுந்து ஓட முடியாத நிலையில் உட்கார்ந்திருந்தபோது என் மேல் வந்து விழுந்தது. சொன்னவள் யஸ்னா. நான் வந்து குடியேறிய இந்தத் தொமே ஊரில், கடலைப் பார்த்த சரிவில், என் வீட்டுக்குக் கீழ்வீடுதான் அவளுடைய முடிதிருத்தும் கடை.

"நீதான் எழுதுறவளாச்சே. நீயே சொல்லு, டாக்டர் எதைச் சொன்னாரு?" என்று கேட்டாள். கத்தரிக்கோல் என் காதோரமாக நின்றது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் எழுதித் தருகிறேன் என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

2

முதல் தொடக்கம்: "மோத்தே என்கிற முயலுக்கு முதுகெலும்பு தேய்ந்திருந்தது."

உண்மைதான். ஆனால் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "செப்டம்பர் காற்றில் பட்டங்கள் —"

வேண்டவே வேண்டாம். செப்டம்பர் என்றால் பட்டம் என்று இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட எழுதும்.

மூன்றாம் தொடக்கம்: "யஸ்னா அந்தப் புதன்கிழமை அனுப்பிய ஒரே குரல்செய்தியில் இரண்டு கேள்விகள் இருந்தன."

இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்கு முன்னால் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதனால் இது தொடக்கம் ஆகாது. (எழுதுகிறவர்களுக்கு இது வழக்கமான தொல்லை. நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.)

3

மோத்தே ஆண் முயல். வேகவைத்த கோதுமையின் நிறம். அந்தக் கோதுமைக்கு இங்கே என்ன பெயரோ அதுதான் அவன் பெயரும். ஒரு வாடிக்கைக்காரி ஈஸ்டருக்குப் பிள்ளைக்கென்று வாங்கினாள். பிள்ளைக்குச் சலித்துப்போனதும், "ஒரே ஒரு வாரம் பாத்துக்கோ யஸ்னா" என்று விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வேறு கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறாள்.

வயதாக ஆக, மோத்தேயின் பின்பக்கத்து முடி சிக்குப் பிடிக்கத் தொடங்கியது. யஸ்னா சீப்பை எடுத்தாள். அவள் தொழில் அதுதானே. கால்நடை டாக்டர் ரிஃபோதான் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சீப்புல போற சிக்கு இல்லைங்க. முதுகை வளைச்சு நக்க முடியல, அதான். வலிக்குது அதுக்கு."

"ஒரு நாள்கூட கத்தினதில்லையே டாக்டர்."

"முயல் கத்தாது. மறைச்சு வெச்சுக்கும்."

தேய்மானம் குணமாகாது, வலியைக் குறைத்து வைக்கலாம், அதுவும் கடைசிவரைக்கும் என்றார். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊசியில்லாத சிரிஞ்சில் இனிப்பு மருந்து. வழுக்குகிற தரைக்குப் பாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் எடை. சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. கடைக்கு வருகிற பெண்கள் தலையில் சாயத்தோடு தப்பிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். யஸ்னா பாடம் எடுப்பாள்:

"முதல்ல காஞ்ச புல்லு தின்னுச்சா, தண்ணி குடிச்சுச்சா, புழுக்கை ஒழுங்கா இருக்கா, இதைப் பாக்கணும். அப்புறம்தான் மருந்து. தின்னலைன்னா மருந்தை நிறுத்திட்டு உடனே டாக்டரைக் கூப்பிடணும். நம்மளா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மனுஷ மாத்திரையை அது கண்ணுல கூடக் காட்டாதீங்க."

"எங்கிட்ட முயலே இல்லையேம்மா," என்பாள் சாயக்காரி.

"நாளைக்கு வரலாம்ல?"

மருந்து நன்றாக வேலை செய்தது. மோத்தே மறுபடியும் முதுகை நக்கினான். வாடிக்கைக்காரிகளின் செருப்பு வாரைக் கடித்தான். அவனைத் தூக்கப்போனவர்கள் யாரும் தூக்கியதில்லை. உதைத்துவிட்டு ஓடிவிடுவான்.

4

இப்போது அந்த வாக்கியம். யஸ்னா அந்தப் புதன்கிழமை அனுப்பிய ஒரே குரல்செய்தியில் இரண்டு கேள்விகள் இருந்தன.

மறுநாள் செப்டம்பர் பதினெட்டு. நாட்டுக்கே திருநாள். வியாழன், வெள்ளி விடுமுறை. பின்னாலேயே சனியும் ஞாயிறும். வருடத்திலேயே யஸ்னாவுக்குக் கூட்டம் அதிகமான நாள் திருநாளுக்கு முந்தின நாள்தான். குவேக்கா நடனம் ஆடப்போகிற அத்தனை பேருக்கும் தலை அழகாக இருக்கவேண்டும். கையுறையைக்கூடக் கழற்றாமல், முழங்கையால் போனை அழுத்திப் பேசினாள்.

"டாக்டர், பாட்டில்ல மருந்து அடியில கொஞ்சம்தான் இருக்கு, லீவு முடியிற வரைக்கும் வருமான்னு தெரியல. அப்புறம், மோத்தே காலைலேருந்து ஒடுங்கி உக்காந்திருக்கான். பல்லை நறநறன்னு கடிக்கிறான். தின்னுறான், ஆனா கம்மியா. இப்பவே தூக்கிட்டு வரட்டுமா?"

டாக்டரும் கிளினிக்கைச் சாத்துகிற அவசரத்தில் இருந்தார். பதில் உடனே வந்தது, எல்லாரும் அவளைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயரோடு.

"கவலைப்படாதீங்க யஸ்னித்தா. திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும். நல்லாக் கொண்டாடுங்க!"

அவ்வளவுதான். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

(ஓரக்குறிப்பு. இந்த ஊர்க்காரர்கள் "தாங்கும்" என்பதை எதற்கும் சொல்வார்கள். மழைக்குக் கூரை தாங்கும். பழைய கார் இன்னொரு வருடம் தாங்கும். புருஷன் செத்தவளும் தாங்குவாள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "தாங்கிட்டு இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பூமி அடிக்கடி நடுங்குகிற ஊர் இது, அதனால் அது பாராட்டு. எது தாங்கும், யார் தாங்குவார் என்று சொல்லவேண்டிய அவசியமே அவர்கள் மொழியில் இல்லை. என் கெட்டநேரம், தமிழிலும் இல்லை. யஸ்னா மோத்தேயை "அவன்" என்பாள். டாக்டருக்கு எல்லா முயலும் "அது". ஆகவே மருந்தும் தாங்கும், முயலும் தாங்கும்.)

5

யஸ்னா மருந்து என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழன் காலை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வழக்கமான அளவில் கொடுத்தால் மறுநாளைத் தாண்டாது. ஆனால் டாக்டர் தாங்கும் என்று சொல்லியிருக்கிறாரே. சிரிஞ்சில் பாதிதான் இழுத்தாள். மோத்தே நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று மூக்கை நீட்டினான். "போதும்டா ராசா, திங்கட்கிழமை நிறைய தரேன்," என்றாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் எப்படிக் குறைத்தாள்? எனக்கும் வந்தது, அவளிடமே கேட்டேன்.

"டாக்டர் தாங்கும்னாரு. பாட்டிலைப் பாத்தா தாங்காது. அப்ப நாமதானே தாங்க வைக்கணும்?" என்றாள். சீப்பைத் துடைத்துவிட்டு, "கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். திருநாளும் அதுவுமா எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்," என்றாள்.

6

அடுத்து நிபால்தோ. யஸ்னாவுடைய தங்கை மிரேயாவின் புருஷன். திருநாளுக்குக் குடும்பத்தோடு தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்து இறங்கியிருந்தான். முதல் வரைவில் இவனை வில்லனாக்கினேன். முயலைப் பார்த்துச் சப்புக்கொட்டுகிற, குடிக்கிற, உரக்கச் சிரிக்கிற ஆள். எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. ஆனால் ஆள் அப்படி இல்லை.

கேலி செய்தது நிஜம். "யஸ்னித்தா, எங்க வீட்ல இவனை வெங்காயத்தோட சட்டியிலதான் பாத்திருக்கோம். நீங்க மருந்து குடுத்து வளக்குறீங்க!"

"உன்னை எங்க தங்கச்சி சோறு போட்டு வளக்கலையா? அந்த மாதிரிதான்."

கேலி செய்தவன்தான் முதலில் கவனித்தான். "மூலையிலேயே இருக்கானே, முட்டி வலிக்கு நான் போடுற மாத்திரைல கால்வாசி நசுக்கித் தரட்டுமா? பாவமா இருக்கு," என்றான். யஸ்னா அவன் கையில் ஒரு அடி வைத்தாள். அந்த அளவுக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனையும் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பொறுக்கமுடியாத இடம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. மிரேயாவின் பெண்கள் இரண்டும் மோத்தேயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டன. அவன் உதைக்கவில்லை, ஓடவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"பெரியம்மா! பாருங்களேன், எங்களைப் பிடிச்சுப்போச்சு அவனுக்கு!"

"அடேயப்பா, எவ்வளவு சமத்து!" என்றாள் மிரேயா.

யஸ்னாவும் சந்தோஷப்பட்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருத்தர் மடியில் இருக்கிறானே என்று போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோவை எனக்குக் காட்டினாள். இரண்டு பெண்களும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நடுவில் மோத்தே, காதைப் பின்னால் சாய்த்து —

[இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. போட்டோவைப் பார்த்தவுடன் எனக்கு அழுகை வந்துவிட்டது.]

7

சனிக்கிழமை காலை தட்டில் புல் போட்டது போட்டபடி இருந்தது. புழுக்கை ஒன்றுகூட இல்லை. யஸ்னா மருந்தைத் தொடவில்லை, டாக்டரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து நகரமான கொன்செப்சியோனில் திருநாளுக்கும் திறந்திருக்கிற மருத்துவமனை ஒன்றைப் பிடித்தாள். அங்கே ஒரு பெண், "இப்பவே கொண்டுவாங்க, கதகதப்பா வெச்சுக்கோங்க, தாமதிக்காதீங்க," என்றாள்.

நிபால்தோ முந்தின இரவிலிருந்தே குடித்திருந்தான். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தவன் அவனே திரும்ப உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியாது யஸ்னித்தா, மன்னிச்சிருங்க," என்றான். அவள் கூடையில் சால்வையை மடித்துப் போட்டு, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, மோத்தேயைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

பேருந்து முழுக்கத் திருநாள் கூட்டம். பின்னால் கிதார். பக்கத்தில் இருந்த கிழவர், "கூடைல என்ன, கறி வெச்சுச் சுட்ட எம்பனாதாவா?" என்று கேட்டார்.

"என் பையன்," என்றாள்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் திரும்பி, "கொஞ்சம் மெதுவாப் பாடுங்கப்பா," என்றார்.

வழியில் பென்கோ ஊரைத் தாண்டியதும் கைக்கு அடியில் மூச்சு நின்றது.  கூடையின் மூடியைச் சாத்தி, மேலே கையை வைத்துக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கலையாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"இல்ல. இதே வண்டியில திரும்பிப் போறேன்."

8

மாற்று முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன், மறைப்பானேன்.

(அ) நிபால்தோ குடிக்கவில்லை. கார் சரியான நேரத்தில் போய்ச் சேருகிறது. மோத்தே பிழைத்துக்கொள்கிறான். இதை யஸ்னாவுக்கு அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். "நல்லாருக்கு," என்றாள். பிறகு, "யாரோட முயலு அது?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

(ஆ) புதன்கிழமை சாயக்காரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு யஸ்னா சரிவிறங்கி ஓடுகிறாள். டாக்டர் கிளினிக்கைச் சாத்துவதற்குள் —

ஓடவில்லை. அன்றைக்குக் கடை முழுக்க ஆட்கள்.

(இ) டாக்டர் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்கிறார். இது ரொம்பச் சின்னக் கதை. மூன்று சொல்லுக்குப் பதிலாக நான்கு.

9

டாக்டர் ரிஃபோ முடி வெட்டிக்கொள்வதும் யஸ்னாவிடம்தான். அடுத்த மாதமும் வந்தார். எனக்கு முந்தின ஆள் அவர், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சேதி தெரிந்திருந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்து, "ரொம்ப வருத்தமா இருக்கு யஸ்னித்தா. நீங்க பாத்துக்கிட்ட மாதிரி இந்த ஊர்ல யாரும் பாத்துக்கல," என்றார்.

அவள் பிடரியில் சீப்பை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்காக வெட்டினாள். கேட்டுவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்டது, "காதோரம் இன்னும் குறைக்கட்டுமா?" என்பது மட்டும்தான்.

அவர் போனபிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவாரே," என்றாள் யஸ்னா.

மருந்தைத்தான் சொன்னேன் என்று அவர் சொன்னால், பாட்டிலைப் பார்க்காமலே சொன்னார் என்று ஆகும். முயலைத்தான் சொன்னேன் என்றால், மருந்தை அவள் பாதியாக்கியிருக்கத் தேவையே இல்லை. முதலாவதில் பாதிப் பழி அவருக்கு. இரண்டாவதில் முழுவதும் அவளுக்கு. அதனால்தான் என்னைக் கேட்கிறாள். என்னால் எதையாவது எழுதிவிட முடியும், அதை நம்பாமல் இருக்க அவளாலும் முடியும்.

என்னால் எழுத முடியவில்லை. வாக்கியத்தை உங்களிடமே விடுகிறேன், அன்றைக்கு அவள் போனில் வந்தபடியே:

............ திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும்.

புள்ளி வைத்த இடத்தை நிரப்புங்கள். நிரப்புவதற்கு முன்னால் அந்தப் போட்டோவில் வலியில் பின்னால் சாய்ந்த அவன் காதுகளை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

யஸ்னாவிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு இலக்கணத்தில் திடீர் அக்கறை வந்தது. "அந்தக் காலி இடத்துக்கு உங்க மொழில பேரு உண்டா?"

"உண்டு. எழுவாய்."

"அப்படின்னா?"

"வாக்கியத்துல யாரு, எதுங்கிறது. ஆனா அதே சொல்லை ஒருத்தரைப் பாத்துச் சொன்னா, நீ எந்திரிப்பேன்னு அர்த்தம்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். உதட்டைக் குவித்து இரண்டு மூன்று தரம் பழகிக்கொண்டாள். ழகரம் வரவே இல்லை.

முடி உலர்த்துகிற நாற்காலிக்குப் பின்னால் அந்தப் பாய் இன்னும் கிடக்கிறது. அவள் அங்கே போய்க் குனிந்து, பாயின் மேல் கையை வைத்து, தனக்கு வந்த மாதிரியே சொன்னாள்.

"எளுவாய்."