பெயரைச் சொன்னவள்

மிஹ்லார் தன் பிரித்தானியக் கடவுச்சீட்டை வெட்டியபோது நஸ்லியா குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தரிக்கோல் அட்டையில் சறுக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னடா தம்பி செய்யிற?"

"இதுல இரிக்கிறது வெறும் பேப்பர்ட பேரு ராத்தா. அது கவுண்மென்டுட சாமான். நான் உசிருள்ள மனுசன். என்ன ஆள எந்த நாட்டுச் சட்டத்துக்கும் உரிமையில்ல."

நீண்ட காலம் லண்டனில் இருந்தவன். அங்கே வேலை போய், மனைவியும் பிரிந்த பிறகு, எந்த அரசும் தனிமனிதனைக் கட்டுப்படுத்தாது என்று போதிக்கும் வீடியோக்களைத் தனி அறையில் பார்த்துப் பார்த்து இந்தக் கதை அவன் தலைக்குள் ஏறியிருந்தது. இலங்கையில், சாய்ந்தமருதிலிருந்த தமக்கை வீட்டுக்கு வந்தபோது ஒரு மாத விசாதான். அது முடிந்து ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. இரட்டைக் குடியுரிமைக்காவது விண்ணப்பி என்று நஸ்லியாவின் கணவர் றிபாத் கெஞ்சிப் பார்த்தார்.

"பொறந்த மண்ணுல இரிக்க ஆருக்கிட்ட மச்சான் அனுமதி கேக்கிற?" என்று சிரித்தான்.

அதன்பிறகு வாசலில் எந்த மோட்டார் சைக்கிள் நின்றாலும் பொலிஸோ என்று நஸ்லியா ஜன்னலுக்கு ஓடினாள். கடைசியில் பொலிஸ் வீட்டுக்கு வரவில்லை. கல்முனை டவுனில் றிபாத்தின் சைக்கிளில் போனவனை மறித்துப் பெயர் கேட்டார்கள். தனக்குப் பெயரே இல்லை என்றானாம். அப்படியே கொண்டுபோய்விட்டார்கள்.

நீதிமன்ற விறாந்தையில் சட்டத்தரணி கிருஷாந்தன் அவளிடம் மறைக்காமல் சொன்னார்.

"அக்கா, வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்ததோட இவருக்கு இஞ்சத்த குடியுரிமை போயிற்று. விசாவும் இல்ல. பேரையும் சொல்லாட்டி, ஆரெண்டு தெரியாத ஆளா மறியல்ல கிடக்க வேண்டியதுதான். எத்தின மாசமெண்டு என்னால சொல்லேலா."

"பேரச் சொன்னா?"

"திருப்பி அனுப்பிருவாங்க."

உள்ளே, கூண்டில் நின்ற மிஹ்லாரிடம் மூன்று முறை பெயர் கேட்டார்கள்.

"எனக்குப் பேரே இல்ல" என்றான் நீதவானைப் பார்த்து. "இந்தக் கோட்டுக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தமும் இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை.

"நீங்கள் இலங்கைப் பிரஜையா, வெளிநாட்டுப் பிரஜையா?"

"ரெண்டும் இல்ல."

"அப்படியென்றால் உங்களை நான் எங்கே விடுவது?"

முதலில் சொன்னதையே மறுபடி சொல்லத் தொடங்கி, பாதியில் தடுமாறி நின்றான்.

"இவரை அறிந்தவர்கள் யாராவது மன்றில் இருக்கிறீர்களா?"

மிஹ்லார் அப்போதுதான் அவளைத் தேடிப் பார்த்தான். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான். சொன்னால் நாட்டைவிட்டுப் போய்விடுவான். சொல்லாவிட்டால் எந்தச் சுவருக்குள் எப்படிக் கிடப்பானோ. நஸ்லியா எழுந்தாள்.

"நான் இரிக்கன் ஐயா. இவர் என்ட கூடப்பொறந்த தம்பி. மிஹ்லார். எங்கட வாப்பாட பேரு சரீப்."

மிஹ்லார் கண்களை மூடிக்கொண்டான்.

அன்றே அவனைக் குடிவரவு அதிகாரிகளிடம் ஒப்படைக்க உத்தரவானது. வண்டியில் ஏற்றுமுன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். வாங்கவில்லை.

"நீதான் ராத்தா என்னப் புடிச்சுக் குடுத்த."

"ஓம், நான்தான்" என்றாள். "நீ எங்க இரிக்கிறயெண்டாவது எனக்குத் தெரியணும்."

அடுத்த மாதம், தூதரகம் கொடுத்த தற்காலிகப் பயணப் பத்திரத்தில் அவனை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவன் ஒரு தடவையும் பேசவில்லை. அவள் அனுப்புவதை அவன் படிக்கிறான் என்பது மட்டும் ஃபோனில் தெரிகிறது. விடியற்காலையில் சுபஹு தொழுததும் "சாப்பிட்டியா" என்று அனுப்புவாள். நீல நிறக் குறி விழும்வரை ஃபோனைக் கீழே வைக்கமாட்டாள்.