கம்பி குடிக்கக் கூடாத தண்ணீர்

1

குதிகால் வெடிப்பில் ஒருமுறை உப்பு ஏறிவிட்டால், செருப்புப் போட்ட பிறகும் எரிச்சல் போகாது. உப்பளத்தை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன். ஆனாலும் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தால் முதலில் எரிவது குதிகால்தான்.

கதை பிறந்தது ஒரு வாக்கியத்திலிருந்து. ஒரு மனிதர் அதை என் காதுபடச் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். நல்லவராக இருந்து தொலைத்தார். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

வாக்கியத்தை இப்போதே சொல்ல முடியாது. அதற்கு முன் ஒரு வீடு கட்டியாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘அந்தி சாயும் வேளையில், வேம்பார்க் கரையில் வெள்ளிக் குன்றுகளாய் மின்னிய உப்புக் குவியல்களின் நடுவே —’

அடித்துவிட்டேன். உப்பை வெள்ளி என்பவன் அதைத் தலையில் சுமந்திருக்க மாட்டான்.

இரண்டாவது: ‘1974ஆம் ஆண்டு, கிராமப்புற ஏழைகளுக்கான சிக்கன வீட்டுத் திட்டத்தின் கீழ் —’

இது மனு. மனு எழுதி எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

மூன்றாவது: இசக்கித்தாய்க்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

இது நிற்கும். இசக்கித்தாய் வேம்பார் அளத்தில் உப்பு வாருகிறவள். என் அண்ணன் பெண்டாட்டி, எனக்கு மதினி. அண்ணன் இல்லை. ஒரே மகள் சண்முகத்தாய். ஓலைக் குடிசை, ஐப்பசிக் காற்று வந்தால் ஓலை ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம்.

3

வீட்டுத் திட்டத்தின் இன்ஜினியர் தேவபிரசாதத்தை, கதையின் முதல் படியில் தொந்தியும் கறுப்புக் கண்ணாடியுமாக எழுதியிருந்தேன். வெறுக்க வசதியாக இருந்தது. உண்மையில் அவர் ஒல்லி. நாசரேத்துக்காரர், மில்லர்புரத்தில் வாடகை வீடு. மணலில் எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து குச்சியால் வீடு வரைந்து காட்டினார். சுவருக்கு ஒரு அச்சு, கூரைக்கு ஒரு அச்சு. கம்பி வைத்த காங்கிரீட் சிலாப்புகளை இங்கேயே வார்த்து, சீட்டுக்கட்டு மாதிரி நிறுத்தி, போல்ட்டால் முடுக்கிவிட்டால் வீடு. மகளுக்குக் கல்யாணமானால் இன்னும் நாலு சிலாப்பைச் சேர்த்து ஓர் அறை கூட்டிக்கொள்ளலாம்.

“இதுக்குப் பேரு மாடுலர் வீடு,” என்றார்.

“மாட்டு வீடா? அப்ப நாங்க எங்கன படுக்க?” என்றாள் மதினி. எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். அன்றிலிருந்து ஊரில் அது மாட்டு வீடு.

(வரைபடத்தில் கூரை மழையைப் பிடித்து வைக்க ஒரு தொட்டியும் இருந்தது. செலவு என்று மேலதிகாரிகள் வெட்டிவிட்டார்கள். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது கையிலிருந்த கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர். இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் கதை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.)

சிலாப்பு வார்க்கும்போது அவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்புத் தண்ணி ஒரு சொட்டு விழக்கூடாது.”

நான் அங்கே கலவைச் சட்டி சுமந்தேன். எனக்குத் தெரியும், கடல் தண்ணீரோ அளத்துத் தண்ணீரோ ஒருவரும் தொடவில்லை. ஓடை ஊற்றில் கோரி, இசக்கித்தாயும் மற்றப் பெண்களும் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினார்கள். நாங்கள் குடிக்கிற ஊற்று. அதைத்தான் நல்ல தண்ணி என்போம். வேறு எதை அப்படிச் சொல்ல?

4

இரண்டு மழை தாங்கியது. இந்தப் புரட்டாசியில் கூரையில் செம்பட்டைக் கோடுகள் ஓடின. ஒருநாள் காலையில் முறம் அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி, உரிந்த பட்டை மாதிரி.

சண்முகத்தாயைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும், ஐப்பசியில். மதினி ஆள் அனுப்பினாள். தேவபிரசாதம் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு ஊற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து ஏதோ மருந்து சொட்டினார். தண்ணீர் திரிந்த பால் மாதிரி ஆனது. அவர் முகமும் அப்படித்தான் ஆனது.

“இதையா ஊத்துனீங்க? நல்ல தண்ணின்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!”

“நல்ல தண்ணிதான ஊத்துனோம், அய்யா. பிள்ளையளுக்கு மருந்து உரசிக் குடுக்குத தண்ணி.”

“இதுல உப்பு இருக்கும்மா. கம்பியைத் தின்னுரும். காங்கிரீட்டுக்கு இது ஆகாது.”

“நாங்க குடிக்கோமே?”

“நீங்க குடிக்கலாம். கம்பி குடிக்கக் கூடாது.”

இதுதான் அந்த வாக்கியம். அவர் அதை எரிச்சலாகச் சொல்லவில்லை. பாடம் சொல்வது போல, பொறுமையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. கூஜாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மதினி விடவில்லை. “அப்ப எங்களுக்கும் கம்பிக்கும் யாரு ஒசத்தின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

எழுதித்தான் கொடுத்தார்கள், அவர் ஆபீசிலிருந்து. தவறான நீரைப் பயன்படுத்தியது பயனாளிகளின் குற்றம். மாற்றுச் சிலாப்பு கிடையாது. எங்கள் வாயில் இத்தனை காலம் ஊற்றிக்கொண்டிருந்தது யார் குற்றம் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை போலும்.

5

இதுவரை எழுதியதை மதினிக்குப் படித்துக் காட்டினேன். முதல் படியில் அவளை அழ வைத்திருந்தேன்.

“ஏலே, நான் எங்கல அழுதேன்?”

“கதைன்னா கொஞ்சம் அப்படித்தான், மதினி.”

“கதைன்னா உம் பொண்டாட்டிய அழ வையி.” அந்த வரியை அங்கேயே அடிக்க வைத்தாள். பிறகு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “எழுதுதவன் நீதான? அப்ப கூரைய மாத்திப் போடு. அது முடியாதுன்னா மழையக் கார்த்திகைக்குத் தள்ளி வையி. பிள்ளத்தாச்சி வாரா.”

அந்த வசதி என் பேனாவில் இல்லை. இருந்தாலும் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

6

முடிவுகள்.

ஒன்று: கூரை தொட்டிலின் மேல் விழுகிறது. பத்திரிகைகள் உடனே போடும். நீங்கள் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கம் போவீர்கள். உங்கள் அழுகைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்.

இரண்டு: தேவபிரசாதம் ஒரு லாரியில் புதுச் சிலாப்போடு வந்து இறங்குகிறார். அவருக்கும் இந்த முடிவு பிடிக்கும் என்று நினைக்கிறேன். எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். லாரி வரவில்லை.

மூன்று: இது முடிவே இல்லை, நேற்று நடந்தது. சண்முகத்தாய் பஸ்ஸை விட்டு இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வீட்டுக்கு நடுவில், கூரைக்கு முட்டுக் கொடுத்து ஒரு பனந்தூண் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

“இது என்னம்மா, வீட்டுக்குள்ள மரம் முளைச்சிருக்கு?”

“மாட்டு வீடுல்லா ஏளா, மாட்டக் கட்ட வேண்டாமா?” என்றாள் மதினி.

சிரித்தார்கள். பிறகு மகள் தண்ணீர் கேட்டாள். மதினி குடத்தில் செம்பை விட்டவள், ஒரு நொடி நின்றாள். பிறகு மொண்டு கொடுத்தாள். சண்முகத்தாய் அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். உள்ளே இருப்பதும் சேர்ந்துதானே குடிக்கும்.

வடகிழக்கில் கறுத்திருக்கிறது. நான் காலையில் துறைமுகத்துக்குப் போக வேண்டும். இனி அந்தப் பனந்தூணை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கை வலித்தால் மாற்றிவிட ஆள் கிடையாது.

வேம்பார் இசக்கித்தாய்க்கு இன்னும் பாக்கி: கூரைக்கு ஒரு சிலாப்பு, குடிக்க நல்ல தண்ணீர்.